பெற்றோல் கேளாத வண்டில்

கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிற் மக்களுக்கு ஆண்டின் பெரும்பகுதி பனிக்காலம். அங்கே கடலே உறைந்து வீதியாகிவிடும். அந்த வீதியில் அவர்கள் பல நூற்றாண்டுகளாக நாய்களைப் பூட்டிய சறுக்கு வண்டிலிலே பயணம் செய்து வந்தார்கள்.

இந்த வண்டிலுக்குச் சில்லு இல்லை. நீளமான இரண்டு சறுக்குக் கட்டைகள். அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள். ஆணி அடிப்பதில்லை, தோல்வாரினால் வரிந்து கட்டுவார்கள். கரடுமுரடான பனியில் வண்டில் முறியாமல் நெளிந்து கொடுப்பதற்கே இந்த ஏற்பாடு. மரம் வளராத பூமி அது. கடலில் மிதந்து வந்த மரத்தையும் திமிங்கில எலும்பையும் கொண்டு செய்தார்கள். அவையும் கிடையாத இடத்தில், மீன்களைத் தோலில் சுற்றி உறையவிட்டு அதையே சறுக்குக் கட்டையாக்கினார்கள். கட்டையின் அடியில் சேற்றைப் பூசி, அது உறைந்தபின் தண்ணீர் தடவினால் கண்ணாடிபோல் வழுக்கும்.

நாய்களை விசிறிபோல் விரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி வாரில் பூட்டுவார்கள். மெல்லிய பனி உடைந்து ஒன்று விழுந்தாலும் மற்றவை இழுபடா. பனிப்புயலில் கண் தெரியாதபோது வீட்டுக்கு வழி காட்டுவது நாய். சீல் என்ற கடல் விலங்கு பனியில் வைத்திருக்கும் மூச்சுத் துளையை மோப்பம் பிடிப்பதும் நாய்தான். வேட்டையாடிய சீலின் இறைச்சியில் நாய்க்கும் பங்கு உண்டு. வண்டிலை இழுக்கும் நாயின் தீனியை அந்த வண்டிலே தேடித் தந்தது. உழவு மாட்டுக்குத் தன் வயல் வைக்கோலையே போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

1950களிலும் 60களிலும் கணக்குக் குழம்பியது. பாடசாலை, வைத்தியம், வீடு என்று சொல்லி அரசு இம்மக்களைக் குடியேற்றங்களுக்குக் கொண்டுவந்தது. அங்கே நாய்களைக் கட்டிவைக்க வேண்டும் என்பது சட்டம். அவிழ்ந்து திரிந்தவற்றைப் பொலிஸார் சுட்டார்கள். நோயிலும் பல இறந்தன. நாய் இல்லாதவர் வேட்டைக்குப் போக முடியவில்லை. விட்டுவந்த இடத்துக்குத் திரும்பவும் முடியவில்லை. பின்னர் வந்த பனி மோட்டார் வண்டி வேகமானது, உண்மை. ஆனால் அதற்குப் பெற்றோலும் உதிரிப்பாகமும் காசுக்கே வாங்க வேண்டும். காசுக்குச் சம்பள வேலை வேண்டும். வேலையோ எல்லாருக்கும் இல்லை.

பாஃபின் தீவுப் பகுதி இனுயிற் மக்கள் தாங்களே ஓர் ஆணைக்குழுவை அமைத்து, முதியோரின் சாட்சியங்களைப் பதிந்து, 2010இல் அறிக்கை வெளியிட்டனர். 2019 ஓகஸ்டில் கனடா அரசு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. நாய் வளர்ப்பை மீட்கவும் பணம் ஒதுக்கியது. குட்டிகளை வாங்கிவிடலாம். பழக்கிப் பூட்டும் முறையை இளைஞர்கள் இப்போது மூத்தவர்களிடமே கேட்டுப் படிக்கிறார்கள்.