ஊசிதானே என்று கையெழுத்துப் போடாதீர்கள்

முதுகு வலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'ஹீமான்ஜியோமா' என்று இருந்தால் பதற வேண்டாம். முள்ளெலும்புக்குள் ரத்தக்குழாய்கள் பின்னிக்கிடக்கும் கட்டி அது, புற்றுநோய் அல்ல. சுமார் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் தராது, சிகிச்சையும் தேவையில்லை. வலிக்குக் காரணம் டிஸ்க்காகவோ தசைப்பிடிப்பாகவோ இருக்கலாம். ஆகவே டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது: வலி இந்தக் கட்டியால்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?

அரிதாகச் சிலருக்கு அது எலும்பைத் தாண்டி வளர்ந்து தண்டுவடத்தை அழுத்தும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் அப்படி நேர்வதுண்டு. கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நரம்புக்குப் பாதிப்பில்லை, வலி மட்டும் மாத்திரைக்கு அடங்கவில்லை என்றால் வெர்டிப்ரோபிளாஸ்டி என்ற சிமென்ட் ஊசி முறை உதவக்கூடும். 1984இல் பிரான்சின் அமியான் நகரில் இம்முறை முதன்முதலில் செய்யப்பட்டதே ஒரு பெண்ணின் கழுத்து முள்ளெலும்பில் இருந்த ஹீமான்ஜியோமாவுக்குத்தான். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே தோல் வழியாக ஊசியை எலும்புக்குள் இறக்கி, பற்பசைப் பதத்தில் இருக்கும் எலும்பு சிமென்ட்டைச் செலுத்துகிறார்கள். சில நிமிடங்களில் இறுகிவிடும். கத்தி படாத சிகிச்சை என்பது உண்மை. ஆனால் சிமென்ட் கசிந்து நரம்பை அழுத்தலாம், ரத்தத்தில் கலந்து நுரையீரலை எட்டலாம். கதிர்வீச்சு, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சை போன்ற மாற்று வழிகளையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

இதையெல்லாம் கேட்காமலே, புனேயில் நம் தமிழர்கள் பலர் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ உள்ள ஒப்புதல் படிவத்தில் அவசரமாகக் கையெழுத்திடுகிறார்கள். புரியும் மொழியில் விளக்கம் பெறுவது நோயாளியின் உரிமை. பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குச் செல்லாது என்று சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2021இல் திருத்தப்பட்ட மகாராஷ்டிர நர்சிங் ஹோம் விதிகளின்படி, நோயாளி உரிமைப் பட்டியலை மருத்துவமனை கண்ணில் படும்படி வைக்க வேண்டும். வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேட்கவும் உரிமையுண்டு. எழுதிக் கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்தில் தந்தாக வேண்டும்.

செலவு மலைக்க வைத்தால், அறக்கட்டளை மருத்துவமனையா என்று விசாரியுங்கள். அங்கே 10 சதவீதப் படுக்கைகள் ஏழைகளுக்கு இலவசம், இன்னொரு 10 சதவீதம் சலுகைக் கட்டணம். இடம் இல்லை என்று கைவிரித்தால் அறநிலைய ஆணையர் அலுவலகத்தில் முறையிடலாம்.

சிகிச்சையில் அலட்சியம் நடந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அதற்குக் கெடு இரண்டு ஆண்டு. ஸ்கேன் சிடி, ஒப்புதல் படிவத்தின் நகல், பில் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரே ஃபைலில் சேர்த்துவையுங்கள்.