எச்சரிக்கையும் அறிவிப்பும்

அரபு மொழியில் ‘இன்தார்’ என்றொரு சொல் உண்டு. எச்சரித்தல் என்பது அதன் பொருள். திருக்குர்ஆன் விரிவுரையாளர் இமாம் குர்துபி (ரஹ்) இச்சொல்லை விளக்குகையில் நுட்பமானதொரு வேறுபாட்டைக் காட்டுகிறார். தற்காத்துக்கொள்ளப் போதிய அவகாசம் இருக்கும்போது சொல்லப்படுவதே இன்தார். அவகாசம் இல்லையேல் அது ‘இஷ்ஆர்’, அதாவது வெறும் அறிவிப்பு. ஆண்டுதோறும் உலக நாடுகள் கூடும் பருவநிலை மாநாடுகளை எடைபோட இவ்வேறுபாடு நமக்குப் பெரிதும் உதவும்.

குளச்சல்வாசிகளான நாம் இதனை அனுபவத்தில் அறிந்தவர்கள். 2017 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் 23ஆவது மாநாடு நடந்து முடிந்தது. இரு வாரங்கள் கழியுமுன், நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கியது. தாழ்வு மண்டலமாக இருந்தது ஒரு நாளுக்குள் புயலாக வலுத்தது. பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த நம் மாவட்ட மீனவர்களை வானிலைச் செய்தி எட்டவில்லை. அவர்களுள் பலர் கரை திரும்பவேயில்லை.

ஒரு புயலைத் தனித்தெடுத்து, புவி வெப்பமே அதற்குக் காரணம் என்று தீர்ப்பளிப்பது ஆய்வு முறையன்று. எனினும், அரபிக் கடல் வெப்பமடைந்து வருவதையும், அண்மைப் பத்தாண்டுகளில் அங்குப் புயல்கள் பெருகியிருப்பதையும் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் எடுத்துக்காட்டியுள்ளனர். கடல்நீரின் வெப்பமே புயலுக்கு உணவு. அது மிகுந்தால் புயல் விரைந்து வலுக்கும். எச்சரிக்கைக்குரிய அவகாசம் சுருங்கும்.

நமக்குத் தென்மேற்கேயுள்ள மாலத்தீவின் தலைவர்கள் இவ்வவகாசத்தின் அருமையை முன்னரே உணர்ந்தனர். அல்அஸ்ஹரில் பயின்ற அதிபர் மஃமூன் அப்துல் கய்யூம் 1987இல் ஐ.நா. பொதுச் சபையில் தம் நாட்டுக்கு நேரவிருக்கும் கேட்டை எடுத்துரைத்தார். 1989இல் சிறு நாடுகளின் மாநாட்டை மாலேயில் கூட்டினார். அவருடைய அரசியல் எதிராளியான முஹம்மது நஷீத் ஆட்சிக்கு வந்தபோதும் இக்கொள்கை மாறவில்லை. கோபன்ஹேகன் மாநாட்டுக்கு முன்பாக, 2009 அக்டோபர் 17 அன்று அவர் தம் அமைச்சரவையைக் கடலுக்கடியில் கூட்டி உலகின் கவனத்தை ஈர்த்தார். வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்த முயல்வது என்னும் இலக்கு 2015இல் பாரிஸ் உடன்படிக்கையில் இடம்பெற்றதில் சிறு தீவு நாடுகளின் இடைவிடாத முயற்சிக்குப் பெரும் பங்குண்டு.

அவ்விலக்கை அடைய, 2030க்குள் கரியமில வாயு வெளியேற்றத்தை 2010ஆம் ஆண்டின் அளவிலிருந்து ஏறத்தாழ 45 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று ஐ.நா.வின் பருவநிலை அறிவியலாளர் குழு 2018இல் கணக்கிட்டது. பெருநாடுகள் தயங்கின. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 பாகைக்கு மேல் உயர்ந்திருந்ததாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. ஓராண்டுக் கணக்கால் இலக்கு தவறியதென்று முடிவுகட்ட இயலாது. அவகாசம் குறைந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

அறிவியலாளர் தந்தது இன்தார். காலம் தாழ்த்தி அதனை இஷ்ஆர் ஆக்குவது ஆட்சியாளரே. ஆட்சி என்பது அமானத், அதாவது ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. அடுத்த மாநாட்டுக்குப் புறப்படும் தலைவர்கள், கரையில் காத்து நின்ற நம் குடும்பங்களையும் நினைவில் கொள்வார்களாக.