உங்களுக்குத் தெரியுமா? வோல்டேஜ் இறங்கினால் இஸ்திரிப் பெட்டி ஏன் சுணங்குகிறது?

கிள்ளை என்ற ஊரில் ஒரு வீட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது என்று வையுங்கள். 230 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் சுமார் 4.35 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, ஏறக்குறைய 53 ஓம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் திறன்.

மாலையில் 180 வோல்ட்தான் வருகிறதா? பெட்டிக்குள் உள்ள நிக்ரோம் கம்பியின் தடை சூட்டில் அதிகம் மாறாது. அதனால் மின்னோட்டமும் 3.4 ஆம்பியராகச் சரியும். திறன் வெறும் 612 வாட்! வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது; சூடோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. பெட்டியைத் திட்டிப் பயனில்லை.

இறால் குட்டையில் காற்றடிக்கும் ஏரேட்டர் மோட்டார் இதற்கு நேர் எதிர். பளு குறையாமல் வோல்டேஜ் மட்டும் இறங்கினால் அது கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். காயில் கருகுவது அப்படித்தான்.