வானத்திலிருந்து விழுந்த கல் என்பதை யார் தீர்மானிப்பது?

2012ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் திகதி பொலன்னறுவை மாவட்ட வானில் தீப்பிழம்பொன்று தோன்றி மறைந்ததையடுத்து, அரலகங்வில பகுதி வயல்களில் விநோதமான கற்கள் கிடப்பதாக மக்கள் தெரிவித்தனர். பொலிஸார் சேகரித்த கற்கள் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குச் சென்று, அங்கிருந்து பிரித்தானியாவின் கார்டிவ் பல்கலைக்கழகத்தை அடைந்தன. டயட்டம் எனப்படும் நுண்பாசிகளின் எச்சங்களை அக்கற்களினுள் கண்டதாகப் பேராசிரியர் சந்திர விக்கிரமசிங்கவின் குழுவினர் 2013 ஜனவரியில் அறிவித்தனர். உயிரினம் விண்ணிலிருந்தே பூமிக்கு வந்தது என அவர் நெடுங்காலமாகக் கூறிவந்த கொள்கைக்குச் சான்று கிடைத்துவிட்டதென ஊடகங்கள் பரபரப்படைந்தன.

பத்தாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. சர்வதேச விண்கல் சங்கத்தின் அங்கீகரிக்கப்பட்ட பதிவேட்டில் பொலன்னறுவை என்ற பெயரில் விண்கல் எதுவும் இல்லை. ஆனால் அதே பதிவேட்டில் முல்லைத்தீவு இடம்பெற்றிருக்கின்றது. 1795ஆம் ஆண்டு அங்கு விழுந்த சிறு கல்லொன்று சாதாரண கொண்ட்ரைட் வகையைச் சேர்ந்ததென வகைப்படுத்தப்பட்டுள்ளது. வானிலிருந்து கல் விழும் என்று ஜேர்மனிய அறிஞர் கிளாட்னி நூலெழுதி ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. அவரது கூற்றை ஐரோப்பிய அறிஞர்களில் பெரும்பாலோர் அன்று ஏற்கவில்லை.

பொலன்னறுவைக் கல்லுக்கு நேர்ந்தது என்ன? சேகரிக்கப்பட்ட 628 துண்டுகளில் மூன்று மாத்திரமே விண்கல்லாக இருக்கக்கூடும் என ஆய்வாளர்களே குறிப்பிட்டிருந்தனர். அதன் அடர்த்தி நீரினதைவிடக் குறைவெனக் கூறப்பட்டது; அறியப்பட்ட விண்கற்கள் எவையும் அவ்வாறு நீரில் மிதப்பவையல்ல. மின்னல் தாக்கி மண் உருகுவதாலும் இத்தகைய நுண்துளைக் கல் உருவாகும் என விமர்சகர்கள் சுட்டிக்காட்டினர். டயட்டங்களோ குளத்திலும் வயல் நீரிலும் வாழ்பவை. கல் விண்ணுக்குரியதா என்ற முதற்கேள்வி தீருமுன்னரே அதற்குள் இருப்பது எந்த உலகத்து உயிர் என்ற இரண்டாம் கேள்விக்குத் தாவியதே இங்கு நேர்ந்த தவறு எனலாம்.

அம்முதற்கேள்விக்கு விடை காண்பது இலகுவானதன்று. கறுத்த மேற்பூச்சும் காந்தக் கவர்ச்சியும் இரும்பு உருக்காலைக் கழிவுக்கும் உண்டு. எனவே கல்லை மெல்லிய சீவலாக அரிந்து நுணுக்குக்காட்டியில் நோக்க வேண்டும். பின்னர் இலத்திரன் கற்றையைச் செலுத்தி ஒலிவின், பைரொக்சின் ஆகிய கனியங்களில் இரும்பின் விகிதத்தை அளக்க வேண்டும். எச், எல், எல்எல் என்ற பிரிவுகள் இவ்வளவீட்டினாலேயே வேறுபடுத்தப்படுகின்றன. சந்திரனிலிருந்தோ செவ்வாயிலிருந்தோ வந்ததெனச் சந்தேகிக்கப்படும் அரிய கல்லாயின் ஒட்சிசன் சமதானிகளின் விகிதமும் தேவைப்படும். அதனை அளக்கும் ஆய்வுகூடங்கள் உலகில் மிகச் சிலவே.

இதன்பின் விபரங்கள் விண்கல் சங்கத்தின் பெயரிடற் குழுவுக்குச் செல்லும். கல்லின் நிறையில் ஐந்திலொரு பங்கு அல்லது 20 கிராம், இவற்றில் எது குறைவோ அது, அங்கீகாரம் பெற்ற நிறுவனமொன்றில் மாதிரியாக வைப்பிலிடப்பட வேண்டும். கண்டெடுத்தவர் பலருக்கு மனம் கசப்பது இவ்விடத்திலேதான். ஆயினும் பிற்காலத்தில் எவரும் மீளச் சோதிக்க வழியில்லாத கல்லுக்குப் பெயர் வழங்குவதில் பயனில்லை என்ற சங்கத்தின் நிலைப்பாடு நியாயமானதே.

மறுபுறத்தில், வகைப்படுத்துவோருக்கும் இதில் இலாபம் சொற்பம். விழும் கற்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு சாதாரண கொண்ட்ரைட்டுகள். அவற்றில் இன்னொன்றை வகைப்படுத்துவதால் பல்கலைக்கழக ஆய்வாளருக்குப் பதவியுயர்வோ நிதியோ கிட்டுவதில்லை. சகாராப் பாலைவனத்திலிருந்து வணிகர்கள் கொண்டுவரும் கற்களோ குவிந்தவண்ணமுள்ளன. விழுந்த இடம் சரியாகத் தெரியாதவை ‘வடமேற்கு ஆபிரிக்கா’ என்ற பொதுப்பெயருடன் ஓர் இலக்கத்தை மட்டும் பெறுகின்றன. ஒரே கல்லின் துண்டுகள் வெவ்வேறு கைகளுக்கு மாறி வெவ்வேறு இலக்கங்களைப் பெறுவதும் உண்டு.

அவ்வரிசையில் 7034ஆம் இலக்கம் பெற்ற, 320 கிராம் நிறையுடைய செவ்வாய்க் கல் குறித்து 2023இல் வெளியான ஆய்வொன்று வேறொரு இழப்பை வெளிப்படுத்தியது. கைக்காந்தத்தை அருகில் கொண்டுசென்றதால், செவ்வாயின் பழைய காந்தப்புலத்தைப் பற்றி அக்கல் தாங்கியிருந்த பதிவு அழிந்துபோயிருந்தது. விண்கல் தேடுவோர் கையில் முதலில் இருப்பது காந்தமே என்பதை நினைக்கையில் இது வேதனைக்குரியது.

எமது வயல்களில் நாளை ஒரு கல் விழுமாயின், அதனைக் கிடந்த நிலையிலேயே புகைப்படமெடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, கழுவாமலும் காந்தம் வைக்காமலும் உலர்ந்த சுத்தமான பொதியில் இட்டு, பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறையொன்றிடம் ஒப்படைத்தல் வேண்டும். வீட்டில் தராசு இருப்பின் கையளிக்குமுன் நிறையையும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.