எந்தத் தெருவில் சைக்கிள் ஓட்டலாம்?

தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் வகுப்புக்கு வந்ததும் உங்களில் பலருக்கு அரசின் விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. வண்டி கிடைத்தவுடன் எழ வேண்டிய கேள்வி, 'எந்த வழியாகப் போவது?' என்பது. அகலமான சாலை, நேரான சாலை, குறைந்த தூரம் என்று பார்த்துத்தான் பெரும்பாலோர் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இது சரியான முறைதானா? உங்கள் இயற்பியல் பாடத்தையே துணைக்கு அழைத்து ஆராய்வோம்.

சென்னையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. கிண்டி தேசியப் பூங்காவை அறிவீர்கள். 1978-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இக்காட்டின் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். மாநகரின் நடுவே புள்ளிமானும் வெளிமானும் வாழும் இடம் இது. சிறுவர் பூங்காவையும் பாம்புப் பண்ணையையும் காண விடுமுறை நாளில் சைக்கிளில் செல்ல யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால், காட்டை ஒட்டிச் செல்லும் சர்தார் பட்டேல் சாலை நகரின் நெரிசல் மிகுந்த சாலைகளுள் ஒன்று. மதிலுக்கு அந்தப்புறம் மான். இந்தப்புறம் பேருந்தும் லாரியும்! மரங்கள் இருப்பதால் மட்டுமே ஒரு சாலை அமைதியாகிவிடாது. இச்சாலையின் கிழக்குக் கோடியில், அடையாற்றுப் பக்கம், காந்தி நகர், கஸ்தூரிபா நகர் போன்ற குடியிருப்புப் பகுதிகளின் உள்தெருக்கள் இருக்கின்றன. இவற்றின் வழியே போனால் தூரம் சற்றுக் கூடலாம். அதனால் நமக்கு லாபமா, நஷ்டமா?

முந்திச் செல்லும் வண்டிகள் எத்தனை?

கணக்கிற்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். பெரிய சாலை வழி 3 கி.மீ.; உள்தெரு வழி 3.6 கி.மீ. உங்கள் வேகம் மணிக்கு 15 கி.மீ. முதல் வழிக்கு 12 நிமிடமும், இரண்டாம் வழிக்கு 14 நிமிடம் 24 விநாடியும் ஆகும்.

பெரிய சாலையில் நீங்கள் போகும் திசையில் மணிக்கு 1,200 வண்டிகள், 45 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அப்படியானால் 45 கி.மீ. நீளத்தில் 1,200 வண்டிகள் பரவியிருக்கும். அதாவது, இரு வண்டிகளுக்கு இடையே சராசரியாக 37.5 மீட்டர். உங்களைப் பொறுத்தவரை அவற்றின் சார்பு வேகம் 45 – 15 = 30 கி.மீ. ஆகவே ஒரு மணி நேரத்தில் உங்களை முந்துபவை 30,000 ÷ 37.5 = 800 வண்டிகள். உங்கள் 12 நிமிடப் பயணத்தில் 160 வண்டிகள்.

உள்தெருவில் மணிக்கு 60 வண்டிகள், 30 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். இடைவெளி 500 மீட்டர். சார்பு வேகம் 15 கி.மீ. மணிக்கு 30 வண்டிகள் முந்தும். உங்கள் பயண நேரத்தில் ஏறத்தாழ 7 வண்டிகள் மட்டுமே!

கூடுதலாகச் செலவிட்டது இரண்டரை நிமிடத்திற்கும் குறைவு. உங்கள் தோளுக்கருகே உரசிச் செல்லும் வண்டிகளோ 160-லிருந்து 7 ஆகக் குறைந்துவிட்டன.

வேகத்தின் இருமடி

வண்டிகளின் எண்ணிக்கை மட்டுமன்று, வேகமும் முக்கியம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். இதை உணர ஓர் எளிய வழி உண்டு. மேலிருந்து விழும் பொருள் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் அதே வேகத்தை அடையும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 30 கி.மீ. என்பது சுமார் 3.5 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஒரு மாடி உயரம். மணிக்கு 60 கி.மீ. என்பது சுமார் 14 மீட்டர். நான்கு மாடி உயரம்! மெதுவாகச் செல்லும் தெரு ஏன் பாதுகாப்பானது என்பது இப்போது விளங்கும்.

ஒலியும் புகையும்

மற்றவை எல்லாம் ஒன்றாக இருந்தால், வண்டிகளின் எண்ணிக்கை பாதியாகும்போது ஒலிமட்டம் 3 டெசிபல் குறையும். 1,200 வண்டிகள் 60 ஆகும்போது 13 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே நம் செவிக்கு ஓசை பாதியாகிவிட்டதுபோல் தோன்றும். குயிலின் குரல் கேட்பது மட்டும் இதன் பயனன்று. பின்னால் வரும் வண்டியின் ஓசையும் முன்கூட்டியே உங்கள் காதில் விழும்.

புகையை எடுத்துக்கொள்வோம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்திற்கு ஏறத்தாழ 7 லிட்டர் காற்றை நாம் சுவாசிக்கிறோம். சைக்கிள் மிதிக்கும்போது இது 30 லிட்டருக்கும் மேலாகும். ஆகவே, புகை நிறைந்த சாலையில் மிதிப்பவர் நுரையீரலுக்குள் செல்லும் மாசும் பல மடங்காகிறது. மோட்டார் வண்டிகள் கக்கும் மிக நுண்ணிய துகள்கள் சாலையோரத்தில்தான் அடர்த்தியாக இருக்கும்; அங்கிருந்து சில நூறு மீட்டர் தள்ளிப் போனால் வெகுவாகக் குறைந்துவிடும். பெரிய சாலையிலிருந்து இரண்டு மூன்று தெரு உள்ளே சென்றாலே பயன் உண்டு.

கவனிக்க வேண்டியவை

உள்தெருவிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. நிறுத்தியிருக்கும் காரின் கதவு திடீரெனத் திறக்கலாம். முனைகளில் குறுக்கே வண்டி வரலாம். எனவே முனைதோறும் வேகத்தைக் குறையுங்கள். நம் நாட்டில் இடப்புறமாகச் செல்வது விதி. அதனால் பெரிய சாலையில் இடப்பக்கம் திரும்புவது எளிது; வலப்பக்கம் திரும்ப எதிர்வரிசையைக் கடக்க வேண்டும். வலத் திருப்பங்கள் குறைவாக உள்ள வழியே நல்ல வழி. கடக்கத்தான் வேண்டும் என்றால் சிக்னல் உள்ள இடத்தில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு கடப்பது மேல்.

சில இடங்களில் உள்தெருவே இராது. கிண்டிக் காட்டின் மதில் நெடுகச் செல்லும் பகுதி அத்தகையது. காட்டிற்குள் அனுமதியின்றி நுழைய முடியாது. அது விலங்குகளின் இல்லம். அங்கே நீங்கள் மாற்றக்கூடியது பாதையை அன்று, நேரத்தை. காலை 9 மணிக்கு நெரியும் சாலை 6 மணிக்கு வேறு சாலையாக இருக்கும்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கோ, அருகிலுள்ள ஏரிக்கோ பூங்காவிற்கோ செல்லும் இரண்டு வழிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர் இருவருடன் நடைபாதையில் பாதுகாப்பான இடத்தில் நின்று, நீங்கள் வழக்கமாகப் போகும் நேரத்தில் 10 நிமிடம் வண்டிகளை எண்ணுங்கள். ஒரே திசையில் செல்பவற்றை மட்டும் எண்ணி, ஆறால் பெருக்கினால் ஒரு மணிக்கான எண்ணிக்கை கிடைக்கும். வேகத்தை அறிய, இரு விளக்குக் கம்பங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் காலடியால் அளந்து, ஒரு வண்டி அதைக் கடக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். பிறகு மேலே கண்ட கணக்கைப் போடுங்கள்.

வேறுவேறு நாட்களில் மூன்று முறை செய்து சராசரி காண்பது நல்லது. முடிவுகளைத் தெரு வரைபடத்தில் குறியுங்கள்: வண்டி குறைந்த தெருவுக்குப் பச்சை, நடுத்தரத்திற்கு மஞ்சள், மிகுந்ததற்குச் சிவப்பு. அந்த வரைபடத்தைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டி வையுங்கள். அடுத்த ஆண்டு புதுச் சைக்கிளோடு வரும் ஒவ்வொரு மாணவருக்கும் அது வழிகாட்டும்.