குண்டுக்குத் தப்பிய ‘கரடி’... தலைவர் போனதும் உடைந்த சாம்ராஜ்யம்!

ஜப்பானின் நிழலுலக தாதாக்களுக்கு ‘யாகுசா’ என்று பெயர். அவர்களில் பெரும்புள்ளி, காஸுவோ தாவோகா.

1913-ல் ஷிகோகு தீவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, கோபே துறைமுக நகரில் வளர்ந்தார். சண்டையில் எதிராளியின் கண்களை விரல்களால் கிழிக்கப் பாய்வார் என்பதால், ‘குமா’ என்று பட்டப்பெயர். ‘கரடி’ என்று அர்த்தம். ஒரு கொலை வழக்கில் 1937-ல் சிறைக்குப் போனவர், 1943-ல் வெளியே வந்தார்.

1946-ல், 33 வயதில் ‘யமகுச்சி-குமி’ கும்பலின் மூன்றாவது தலைவரானார். அப்போது கும்பலில் இருந்தது முப்பது பேர் அளவில்தான். துறைமுகத்துக்குக் கூலியாட்களை அனுப்பும் தொழிலைக் கையில் எடுத்தார். அடுத்து சினிமா, இசை நிகழ்ச்சிகள். புகழ்பெற்ற பாடகி மிசோரா ஹிபாரியின் நிகழ்ச்சிகளுக்குப் பின்னால் இருந்ததும் அவர்தான். கும்பல் 10,000 பேரைத் தாண்டியது.

அத்தனை பேரையும் கட்டிப்போட்டது ஓர் உறவு முறை. தலைவர் அப்பா; ஆட்கள் பிள்ளைகள். ஒரே கோப்பையில் சாகே மது அருந்தி இந்த உறவை உறுதி செய்வார்கள். அதனால் எல்லாமே ‘அப்பா’ என்ற ஒருவரைச் சுற்றியே நின்றது.

1978 ஜூலையில், கியோட்டோ நைட் கிளப் ஒன்றில் அந்த ‘அப்பா’வின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. சுட்டவன், தன் தலைவரின் கொலைக்குப் பழிவாங்க வந்த எதிர்க்கும்பல் இளைஞன். தாவோகா பிழைத்துவிட்டார். இரண்டே மாதங்களில், கோபே அருகே ரொக்கோ மலையில் அந்த இளைஞனின் சடலம் கிடந்தது.

துப்பாக்கியால் முடியாததை மாரடைப்பு முடித்தது. 1981 ஜூலையில், 68 வயதில் தாவோகா இறந்தார். வாரிசாகக் கருதப்பட்டவரோ சிறையில் இருந்தார். சில மாதங்களில் அவரும் இறந்துபோனார். ஆண்கள் மட்டுமே ஆண்ட அந்த உலகத்தை, தாவோகாவின் மனைவி ஃபுமிகோ இடைக்காலத்தில் தாங்கிப் பிடித்தார்.

1984-ல் புதிய தலைவராக மசஹிசா தகேனகா தேர்வானதும் கும்பல் இரண்டாக உடைந்தது. மறு வருடமே பிரிந்துபோனவர்கள் தகேனகாவைச் சுட்டுக் கொன்றார்கள். நேற்றுவரை ‘சகோதரர்’களாக இருந்தவர்களின் மோதல் 1989 வரை நீடித்தது. 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

தெருவில் நடந்த இந்த ரத்தக்களரியால் மக்களின் பொறுமை போனது. 1992-ல் யாகுசாக்களுக்கு எதிரான தனிச் சட்டம் அமலுக்கு வந்தது. பிறகு வங்கிக் கணக்கு தொடங்கவும் வாடகைக்கு வீடு எடுக்கவும்கூட அவர்களுக்குச் சிக்கல். 1960-களில் 1,80,000 பேர் வரை இருந்த யாகுசாக்கள், இப்போது 20,000-க்கும் குறைவு. அந்த 1,80,000 பேர் காலத்து ராஜா, தாவோகா!