டவுன் கடையில் வேலைக்குச் சேரும் பிள்ளைக்கு நியமனக் கடிதம்

தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால் பேர் பதிவார்கள், செக்ரோலில் நாள் விழும். கண்டி டவுனில் கடை வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அந்தப் பேர்ப்பதிவு மாதிரி இருப்பது நியமனக் கடிதம்தான். கலகா, தெல்தோட்டை, ஹந்தானைப் பக்கமிருந்து புடவைக் கடை, பலசரக்குக் கடை, பாமசி என்று எத்தனையோ பிள்ளைகள் போகிறார்கள். "கடிதம் தந்தாங்களா?" என்று கேட்டால், "மொதலாளி நல்ல மனுசன், பொறகு தருவாரு" என்கிறார்கள் பெற்றோர். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி, சேருகிற அன்றைக்கே வேலை விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை.

பெயர், பதவி, சேர்ந்த திகதி, வேலை நிரந்தரமா தற்காலிகமா, அடிப்படைச் சம்பளம், படிகள், வேலை நேரம், லீவு, ஓவர்டைம், சேமலாப நிதி, வேலையை விட்டு நிறுத்தும் முறை எல்லாம் அதில் இருக்க வேண்டும். யாராவது கடிதம் கொண்டு வந்தால் நான் முதலில் பார்ப்பது சம்பள வரியைத்தான்.

மாதம் 40,000 ரூபா என்று வாயால் பேசியிருப்பார்கள். கடிதத்தில் 30,000 மட்டும் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கையில் கொடுப்பார்கள். மாதக் கடைசியில் காசு சரியாகத்தான் வரும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் சேமலாப நிதிக்குப் பிள்ளையிடம் நூற்றுக்கு 8, முதலாளியிடம் நூற்றுக்கு 12, ஆக 20 போகவேண்டும். 40,000க்கு அது 8,000. 30,000க்கு 6,000தான். வருடத்துக்கு 24,000 ரூபா குறைகிறது. ஓவர்டைமும் குறையும். பதினைந்து பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் வேலை செய்தால் கிடைக்கும் பணிக்கொடையும் குறையும். கடையில் சாப்பாடு கொடுத்தால் அதன் பெறுமதியும் சேமலாப நிதிக் கணக்கில் சேர வேண்டும். இது பல பேருக்குத் தெரியாது.

"மூணு மாசம் பழகட்டும், பொறகு ஈ.பி.எப். கட்டுறோம்" என்பதும் சரியில்லை. பழகுகிற காலத்துக்கும் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும்.

வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. தீபாவளி, பெரஹரா நாட்களில் இரவு ஒன்பது மணி வரை நிற்க வைத்துவிட்டு ஒரு பிளேன்டீயோடு அனுப்புகிற கடைகளும் இருக்கின்றன.

அந்தக் காலத்தில் நம்ம ஆட்களுக்கு 'துண்டு' என்று ஒரு கடதாசி இருந்தது. அதில் ஆளுடைய கடன் எழுதியிருக்கும். கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். அதனாலோ என்னவோ, கையெழுத்து என்றால் இன்றும் சில பெரியவர்களுக்குப் பயம். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் பயப்படத்தான் வேண்டும், வைக்கவும் கூடாது. கடிதம் சிங்களத்திலோ இங்கிலீசிலோ இருந்தால், தெரிந்தவரிடம் வாசித்துக் கேட்ட பிறகே வையுங்கள். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.

பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். முத்துலெட்சுமியை 'லெட்சுமி' என்று பதிந்துவிட்டால், பின்னால் பணம் எடுக்கும்போது சத்தியக் கடதாசிக்கு அலைய வேண்டி வரும். பதினாறு வயது முடியாத பிள்ளையை 2021க்குப் பிறகு வேலைக்கு வைக்கவே கூடாது.

கடிதம் தராத முதலாளியைப் பற்றிக் கண்டித் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். கடிதம் இல்லாததால் பிள்ளையின் உரிமை போய்விடாது, வேலை செய்ததை நிரூபிக்கத்தான் கஷ்டம். சம்பளச் சீட்டு, வரவுப் பதிவின் போட்டோப் பிரதி, வங்கிப் புத்தகம் என்று கையில் உள்ளதையெல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள்.